காபிக்கு ஒரு பட்டம்: பாடத்திட்டத்தைச் சொந்தமாக வகுப்பதா, இருப்பதற்குள் நெய்துகொள்வதா?

கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஏற்காட்டுக்கு பஸ் ஏறுவது புத்திசாலித்தனமான வேலை இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுற்றுலாக் கார்கள் மூச்சுவாங்கி நிற்கும். பஸ் ஒரு வளைவு ஏறுவதற்குள் அடிவாரத்தில் வாங்கிய கடலை தீர்ந்துவிடும். ஆனாலும் போனேன். அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள், வீட்டில் பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா வீடு நாகலூர் பக்கம். மூன்று ஏக்கர் அராபிகா காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, இடையிடையே ஆரஞ்சும் பலாவும். மகள் நர்சிங் போக வேண்டும், இல்லாவிட்டால் பி.காம். என்பது மாமாவின் கணக்கு. அவள் கணக்கு வேறாக இருந்தது.

"காபி படிக்கணுங்க சித்தி."

"தோட்டக்கலை படிக்கிறியா?"

"செடி மட்டும் இல்லீங்க. நம்ம காபி விலை எதுக்கு நியூயார்க்கில முடிவாகுது? பழைய நிழல் மரமெல்லாம் போயி எங்க பாத்தாலும் சில்வர் ஓக்கா எப்படி ஆச்சு? பழம் பறிக்க ஆள் ஏன் வர்றதில்ல? இதெல்லாம் ஒரே டிபார்ட்மெண்ட்ல இல்லீங்களே. அமெரிக்காவுல நம்ம மேஜரை, அதான் முதன்மைப் பாடத்தை, நாமளே அமைச்சுக்கலாமாமா!"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, நீ காலேஜ்ல பாடம் எடுக்கறவ. அப்படி ஒண்ணு இருக்குதா, இல்ல போனைப் பாத்துட்டுக் கதை விடறாளா?"

இருக்கிறது. ஆனால் "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. சேலத்தில் 20 வருடமாகப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகன் உலோகமும் வரைகலையும் வியாபாரமும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றான். ஆத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போய் என்ன ஆகிறது என்பது முழுதாகத் தெரிய வேண்டும், கழிவுநீர் வரைக்கும். இவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. நான்கும் ஒரே எடை இல்லை.

முதலில் அக்கா மகள் போனில் பார்த்த வழி.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1969-இல் பொதுக் கட்டாயப் பாடங்களை நீக்கிவிட்டார்கள். அதற்குக் காரணமான அறிக்கையை எழுதியவர்கள் மாணவர்கள். ஐரா மாகசினர், எலியட் மேக்ஸ்வெல் இருவரும் அதில் முன்னால் நின்றவர்கள். அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரி திறந்தது. அங்கே துறைவாரிப் பட்டமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது; ஆசிரியர் எழுதித் தரும் மதிப்பீடுதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காலட்டின் பள்ளிக்கு வேர் 1972-இல் விழுந்தது. இன்னும் பல பல்கலைக்கழகங்களில் வழக்கமான துறைகளுக்குப் பக்கத்திலேயே 'சொந்த மேஜர்' என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது.

கதவைத் தாண்டி உள்ளே போனால் நடப்பது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். முதல் ஒன்றரை இரண்டு வருடம் பல துறைகளில் வகுப்பு எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டும். என் கேள்வி என்ன, இருக்கிற எந்தத் துறைக்குள்ளும் அது ஏன் அடங்கவில்லை, எந்தெந்த வகுப்புகளை எந்த வரிசையில் எடுக்கப்போகிறேன், கடைசியில் எதைச் செய்து காட்டுவேன் என்று. ஒன்றிரண்டு பேராசிரியர்கள் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஒரு குழு அதைப் படித்துக் குடைந்து கேட்கும், திருத்தி வா என்று திருப்பியும் அனுப்பும். காலட்டினில் படிப்பை முடிக்கும் முன் மாணவர் தானே தொகுத்த நூல் பட்டியலை வைத்துப் பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து பேசியாக வேண்டும். இஷ்டத்துக்குப் படிப்பது என்று நம் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ நம் பல்கலைக்கழகத் தேர்வைவிட இது கடினம் என்றே படுகிறது. நம்மிடம் பாடத்திட்டத்தைக் குறை சொல்லித் தப்பிக்கலாம். அங்கே பாடத்திட்டம் எழுதியவரே நீங்கள்தான்.

இந்த வழியில் போனவர்களில் எனக்குப் பிடித்தவர் வில் ஷார்ட்ஸ். புதிர்களைப் பற்றிய படிப்பு என்று தானே ஒரு பட்டத்தை வகுத்து, 1974-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வாங்கினார். 1993 முதல் நியூயார்க் டைம்ஸின் குறுக்கெழுத்துப் புதிர்களுக்கு ஆசிரியர். கேட்டதும் நம் பிள்ளைகளுக்குக் கண் விரியும். ஆனால் கதையை இங்கேயே நிறுத்துகிறவர்கள் நடுவில் இருக்கும் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். புதிர்ப் பட்டத்தை வாங்கிய கையோடு அவர் வர்ஜீனியாவில் சட்டம் படித்து 1977-இல் அந்தப் பட்டத்தையும் வாங்கினார். வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை, அது வேறு விஷயம். ஊருக்கெல்லாம் புரியும் பெயரில் ஒரு காகிதம் அவர் பையிலும் இருந்தது.

செலவை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. மூன்று ஏக்கரை விற்றாலும் நான்கு வருடம் தாண்டாது. உதவித்தொகை உண்டு, ஆனால் அதற்கு உலகம் முழுக்க வரிசை நிற்கிறது. பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் யாரும் பேசாத ஒரு கஷ்டம் இருக்கிறது: தனிமை. தாவரவியல் வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து அழுவார்கள், சேர்ந்து சிரிப்பார்கள், ஒருத்தி நோட்டை இன்னொருத்தி நகலெடுப்பாள். நீங்களே வகுத்த பட்டத்தில் வகுப்பு முழுக்க நீங்கள் ஒருவர்தான். வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு வருடம் விடுப்பில் போனால் உங்கள் துறையே விடுப்பில் போனதுபோல்தான். கேள்வி ஏற்கெனவே கையில் சூடாக இருப்பவர்களுக்கு, முழு உதவித்தொகை கிடைத்தால், இது நல்ல வழி. கேள்வியே இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை.

இரண்டாவது வழி நமக்குக் கொஞ்சம் பக்கம். பெங்களூரு சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம். அங்கே அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும், ஸ்ரீசிட்டியில் கிரியா. டெல்லிக்குப் பக்கத்தில் சோனிபட்டில் அசோகா. மூன்றும் கடந்த பதினைந்து இருபது வருடத்துக்குள் வந்தவை. இங்கே பட்டத்தை நீங்களே வகுப்பதில்லை, கலந்து எடுக்கிறீர்கள். ஒரு முதன்மைத் துறை, பக்கத்தில் ஒரு துணைத் துறை, எல்லோருக்கும் பொதுவான சில பாடங்கள். அசோகாவில் பொருளியலும் வரலாறும் சேர்ந்த பட்டம் உண்டு. அரசியல், தத்துவம், பொருளியல் மூன்றும் சேர்ந்ததும் உண்டு. அந்த மூன்றின் கூட்டு ஆக்ஸ்போர்டில் 1920-இலேயே தொடங்கியது. ஆக, 'புதுமை' என்று விளம்பரத்தில் வருவதற்கு நூறு வயதாகிறது.

கட்டணம் லட்சங்களில். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், அசிம் பிரேம்ஜியில் முழுதாகவே தள்ளுபடி ஆவதும் உண்டு. அதனால் "நமக்கெல்லாம் கட்டுபடியாகாது" என்று விண்ணப்பமே போடாமல் இருப்பது தப்பு. போடச் சொல்லித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளை அங்கே போனால் முதல் ஆறு மாதம் வாய் திறக்காது. படிப்பு வராமல் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் பேசும் வேகம் அப்படி. அந்த ஆறு மாதத்தைத் தாண்டியவர்கள் பிறகு நன்றாகவே வருகிறார்கள்.

இதற்கு நடுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பாடச்சட்டகம் ஒன்று 2022 டிசம்பரில் வந்தது. மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருடத்துக்கு 160, நடுவில் பல துறைகளைச் சேர்த்த முதன்மைப் பாடம் எடுக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தாளில் அழகாக இருக்கிறது. நம் மாநில அரசு, கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. அதனால் செய்தித்தாளில் படித்துவிட்டு "எங்க காலேஜ்ல அது உண்டுங்களா மேடம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது: இல்லை.

மூன்றாவது, நான்காவது வழிகளுக்குப் போகும் முன், என் வேலையில் நானே பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டில் என் தராசு ஒரு பக்கம் சாய்வதற்கு அதுதான் காரணம்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் புதுப் பட்டப்படிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயரிலேயே மூன்று துறைகள் இருந்தன. சேர்க்கை நோட்டீஸில் வண்ணப் படத்தோடு போட்டார்கள். பாடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, நானே அதில் ஒரு தாள் எடுத்தேன். முதல் செட்டில் படித்த பெண் ஒருத்தி நான்கு வருடம் கழித்து வந்தாள். கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று ஜெராக்ஸ். அரசு வேலை ஒன்றுக்குத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போயிருக்கிறாள். "உங்க பட்டம் நாங்க கேட்ட பட்டத்துக்கு இணையானதுன்னு அரசாணை இருக்குதான்னு கேக்கறாங்க மேடம்." இல்லை. பாடத்தில் முக்கால்வாசி ஒன்றுதான் என்று கல்லூரித் தாளில் எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தோம். அந்தக் கடிதத்தை அங்கே யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். அந்த ஆட்சேர்ப்பு அவள் இல்லாமலே முடிந்துபோனது.

தமிழ்நாட்டில் பட்டத்தின் பெயர் என்பது இப்படிப்பட்ட சாமான். எந்தப் பட்டம் எதற்கு இணை என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டால்தான் இணை. குரூப் 1, குரூப் 2 பொதுப் பதவிகளுக்கும் யுபிஎஸ்சிக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், அங்கே சிக்கல் இல்லை. ஆசிரியர் வேலைக்கோ, துறை சார்ந்த பதவிக்கோ போனால் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். முதுகலை ஆசிரியர் ஆக வேண்டுமானால் இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இளநிலையில் தாவரவியல், முதுநிலையில் சுற்றுச்சூழல் என்று ஆசையாக மாற்றிப் படித்தவர்கள் அங்கே போய் முழிக்கிறார்கள். பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களில் பி.ஏ., பி.காம். மட்டும் வைத்துக்கொண்டு பி.எட். சேர முடியாது, முதுநிலையும் வேண்டும். இதெல்லாம் சரியா என்று கேட்டால், சரியில்லை. ஆனால் மாமா மாதிரி ஒரு குடும்பத்துக்கு அரசு வேலை என்ற கதவை 17 வயதில் சாத்திவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் மூன்றாவது வழியை இப்போது கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்: யாரோ ஏற்கெனவே கலந்துவைத்த படிப்பு. பல துறைகள் சேர்ந்த படிப்பு வேண்டும் என்று ஊரெல்லாம் தேடுகிறோம். கோயம்புத்தூரில் 1906 முதல் ஒன்று நடந்துகொண்டிருப்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வேளாண்மைப் பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியல், வானிலை, புள்ளியியல், வேளாண் பொறியியல், வேளாண் பொருளியல், விவசாயிகளிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரும் விரிவாக்கக் கல்வி. கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கிச் செய்யும் பணி அனுபவமும் உண்டு. அக்கா மகள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் இதற்குள் வந்துவிடுகின்றன. எந்தத் துறையையும் விடாமல் எல்லாவற்றையும் தொட்டுப் போகிற படிப்பு என்று நாங்கள், கலைக் கல்லூரிக்காரர்கள், அதைக் கொஞ்சம் இளக்காரமாகவே பேசுவோம். அந்தத் தொடுகையைத்தான் வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விற்கிறார்கள்.

பெயரும் கெட்டி. வேளாண் அலுவலர், வங்கியில் விவசாயக் கடன் பார்க்கும் அதிகாரி என்று அந்தப் பெயருக்கென்றே பதவிகள் இருக்கின்றன. ஏற்காட்டிலேயே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜவ்வரிசிப் பெண்ணுக்கு ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். அக்கா மகள் அரசுப் பள்ளி மாணவி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-இல் வந்த அந்தச் சட்டத்தில் பொறியியலோடு வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாம் அடக்கம். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாமா முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு தெளிச்சி வந்தது இந்த வரியில்தான்.

குறை இல்லாமல் இல்லை. பாடத்திட்டம் தண்டவாளம் மாதிரி, திரும்ப இடம் கிடையாது. வரலாறும் மானிடவியலும் கிட்டத்தட்ட இல்லை. சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அந்தச் செடி வந்த பிறகு இங்கே காலகாலமாக இருந்த மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அங்கே எந்த செமஸ்டரிலும் பதில் வராது. நான்கு வருடம் வேறு. கொலுசுப் பட்டறைப் பையனுக்கு இதே மூன்றாவது வழி கருப்பூரில் இருந்தது: அரசுப் பொறியியல் கல்லூரியில் உலோகவியல். சாலிடரில் என்ன சேர்ந்தால் வெள்ளி கறுக்கிறது என்று அப்பாவுக்குக் கை அறியும், இவனுக்கு ஏன் என்று தெரியும். வரைகலையைப் பட்டறையிலேயே கற்றுக்கொள்ளலாம், அதற்குப் பட்டம் எதற்கு?

நான்காவது, உள்ளூர் வழி. எங்கள் மாதிரிக் கலை அறிவியல் கல்லூரியில் வழக்கமான பட்டம் ஒன்றை எடுத்து, அதன் இடுக்குகளில் தனக்கு வேண்டியதைச் செருகிக்கொள்வது. இடுக்குகள் இருக்கின்றன, ஆனால் பாதிப் பேருக்கு எங்கே என்று தெரியாது. முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடம், துணைப் பாடம், விருப்பப் பாடம். நான்காம் பகுதியில் பிற துறை விருப்பப் பாடம், பிள்ளைகள் என்.எம்.ஈ. என்பார்கள். ஐந்தாம் பகுதி என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. எல்லார் கண்ணும் மூன்றாம் பகுதி மதிப்பெண் மேல்தான். ஆனால் சொந்தமாக நெய்கிறவர்களுக்கு ஊடு நூல் துணைப் பாடத்திலும் நான்காம் பகுதியிலும் கடைசி வருடத் திட்டக் கட்டுரையிலும்தான் கிடைக்கும்.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், ஏமாறக்கூடாது. என்.எம்.ஈ.யை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, டைம்டேபிள் தேர்ந்தெடுக்கிறது. எங்கள் துறை மாணவர்கள் ஒட்டுமொத்தமாக ஒரே துறைக்கு அனுப்பப்படுவது வழக்கம், ஏனென்றால் அந்த மணி நேரத்தில் அங்கேதான் வகுப்பறை காலி. மல்லுக்கட்டினால் மாற்றலாம், வருடத்துக்கு ஒருவர் மல்லுக்கட்டுகிறார். ஸ்வயம் இணையப் பாடங்களை 40 சதவீதம் வரை கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 2021-இல் யுஜிசி விதி போட்டது. உங்கள் கல்லூரி எடுத்துக்கொள்கிறதா என்பது வேறு கதை. எடுக்காவிட்டாலும் படிக்க யாரும் தடுக்கவில்லை. 'நான் முதல்வன்' பாடங்கள் கட்டாயமாக வருகின்றன, சில உருப்படி, சில நேரம் போக்கு. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலில் அனுமதி வந்தது. பகலில் தாவரவியல், வீட்டிலிருந்து திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு என்று படிக்க முடியும். முடியும் என்றுதான் சொல்கிறேன். இரண்டு தேர்வு அட்டவணையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது என் மாணவன் ஒருவன் சேலத்துக்கும் தேர்வு மையத்துக்கும் இடையே பைக்கில் சாப்பிட்டான்.

இந்த வழியின் பெரிய பலம் இடம். அக்கா மகள் சேலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தால் வார இறுதியில் தோட்டத்தில் இருப்பாள். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. ஆறாவது செமஸ்டர் திட்டக் கட்டுரைக்கு அவள் வேறெங்கும் போக வேண்டாம். செலவு பஸ் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும். 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. பலவீனமும் அதேதான்: எல்லாம் அவள் கையில். யாரும் திட்ட அறிக்கை கேட்கமாட்டார்கள், குழு குடையாது, அவள் நெய்யாவிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்றாம் வருட முடிவில் மற்றவர்கள் மாதிரியே ஒரு பி.எஸ்சி.யோடு வெளியே வருவாள். பொருளியலா தாவரவியலா என்று கேட்டபோது, எங்கள் துறைக்கு ஒரு நல்ல பிள்ளை வேண்டும் என்ற சபலம் எனக்கு இருந்தது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

என் தீர்ப்பு இப்படி. முழு உதவித்தொகை கிடைத்தால் இரண்டாவது. கிடைக்காவிட்டால் காபிக்கு மூன்றாவது. ரேங்க் எட்டவில்லை என்றால் நான்காவது, தாவரவியல். முதலாவதை விட்டுவிடலாம், அதற்குள் இருக்கும் ஒன்றைத் தவிர: திட்ட அறிக்கை. அதற்கு அமெரிக்கா போக வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்த வழியில் போனாலும் சேர்வதற்கு முன் அதை எழுது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது கோடை விழா முடிந்திருந்தது. வளைவுகளில் காட்டெருமை ஒன்றைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை. நோட்டைக் காட்டினாள். முதல் பக்கத்தில் 23 பாடங்கள். காபியின் வேதியியல் இருந்தது, ஏற்றுமதிச் சட்டம் இருந்தது, புகைப்படக் கலைகூட இருந்தது.

"போட்டோ எதுக்கு?"

"சும்மா, புடிக்குங்க."

"பிடிச்சதெல்லாம் போட்டா அது மேஜர் இல்ல, மளிகைச் சீட்டு. மேலே கேள்வியை ஒரே வரியில எழுது. ஒவ்வொரு பாடத்தையும் அந்த வரிகிட்ட கூட்டிட்டுப் போ. அது கேள்விக்கு எதுவும் செய்யலன்னா அடி."

கேள்வி வரவில்லை. 'காபி பற்றிய முழுமையான படிப்பு' என்று எழுதினாள். அது கேள்வி இல்லை. 'காபி விவசாயிகளின் பிரச்சினைகள்'. அது மேடைப் பேச்சுத் தலைப்பு. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். வரும்போது மாமாவின் பழைய டைரிகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

அவற்றை நான் அதுவரை பார்த்ததில்லை. 1942-இல் வந்த காபிச் சட்டத்தின்படி, விளைந்த காபியைக் காபி வாரியத்தின் பொதுச் சேகரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விற்பது அவர்கள் வேலை. 1990-களில் அதைப் படிப்படியாகத் தளர்த்தி 1996-இல் முழுதாக விட்டுவிட்டார்கள். அன்று முதல் மாமாவே விலை பேசி விற்றாக வேண்டும், அதனால் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒரே வரியில் இடது ஓரம் மழை அளவு, நடுவில் அன்று தோட்டத்துக்கு வந்த ஆள் எண்ணிக்கை, வலது ஓரம் வியாபாரி சொன்ன விலை. சில பக்கங்களில் காபித் தண்டைக் குடையும் பூச்சியின் பெயரான 'துளைப்பான்' என்று ஒரு சொல், பக்கத்தில் வெட்டி எரித்த செடிகளின் கணக்கு. மார்ச் மாதப் பக்கங்களில் செடியைப் பூக்கவைக்கும் பூ மழைக்குக் காத்திருந்த நாட்களுக்கு மட்டும் சிவப்பு மையில் புள்ளி. வானிலை, பூச்சியியல், கூலி, சந்தை எல்லாம் ஒரே வரியில். நான் 20 வருடமாக வகுப்பில் படம் போட்டு விளக்கும் தேவை, அளிப்புக் கோடுகள் அந்தப் பால்பாயிண்ட் பேனா எழுத்தில் கிடந்தன.

அவள் டைரிகளைப் புரட்டிக்கொண்டே வந்து நோட்டில் ஒரு வரி எழுதினாள்: 'நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் காபி வைத்திருப்பவர் இன்னும் 20 வருடம் காபியே வைத்திருக்க முடியுமா?' பிறகு 23 பாடங்களையும் ஒவ்வொன்றாக அந்த வரியிடம் கூட்டிப் போனாள். 11 மிஞ்சின. புகைப்படம் போய்விட்டது. ஏற்றுமதிச் சட்டத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மிஞ்சியவற்றில் 7 வேளாண்மைப் பட்டத்துக்குள்ளேயே இருந்தன. மீதி நான்கில் பழங்குடி வரலாற்றையும் விலைச் சந்தையையும் இணையப் பாடமாகவும் என் அலமாரியிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் குறித்தாள். காபியின் தரம் சுவைத்துப் பார்ப்பதைப் பட்டத்துக்குப் பிறகு காபி வாரியத்தின் ஒரு வருட முதுநிலை டிப்ளமோவில் படிக்கலாம். கடைசியாக நின்றது ஏற்றுமதிச் சட்டம், அதன் எதிரே ஒரு கேள்விக்குறி.

கோவைக்கு விண்ணப்பம் போயாயிற்று. சேலத்தில் தாவரவியலுக்கும் போட்டுவைத்திருக்கிறோம். பெங்களூருக்கு அடுத்த வருடம் பார்ப்பதா என்று அவளுக்கு இன்னும் யோசனை இருக்கிறது. மாமாவிடம் அதைச் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது மாமா களத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். நோட்டு திண்ணையில் திறந்தபடியே கிடந்தது. போகிற போக்கில் குனிந்து அந்த ஒரு வரியைப் படித்தார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார், பஸ் வந்து நின்ற பிறகு சொன்னார்:

"இதுக்குப் பதில் கெடச்சா, மொதல்ல எனக்குச் சொல்லச் சொல்லும்மா."